கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம்

இறைவனை அடைதற்குரிய நெறி இதுவெனக் கூறும் சமயங்கள் யாவும் இருவகை நூல்களை உடையன. மக்கள் நாடோறும் செய்யத்தக்கன இவை, தவிரத்தக்கன இவை எனப் பகுத்து விதிக்கும் ஒழுக்க நூல்கள் ஒருவகை. அவ்வொழுக்கத்தின் பயனாக உள்ளத்தே முகிழ்க்கும் பேரன்பினை விளக்கும் அனுபவ நூல்கள் மற்றொருவகை. இவ்விருவகையினையும் ஒருவரே துறைபோகக் கற்று, ஒருவரே இயற்றி, தாம் கூறியவாறே ஒழுகியும் காட்டுதல் அரிது. விதிநூல் வல்லாருட் சிலர் அன்புநெறியை ஐயுற்று நோக்குவர். அன்புநெறி நிற்பாருட் சிலர் விதியினை எளிதாகக் கருதி இகழ்வர். இவ்விரு சாரார்க்கும் நிகழ்ந்த பூசல் எந்நாட்டுச் சமய வரலாற்றிலும் காணப்படுவதொன்றாம்.

அப்பூசலுக்கு இடங்கொடாது இரண்டினையும் ஒருங்கே போற்றிய சான்றோருள் ஒருவர், 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் தென்கடற்கரையில் வாழ்ந்தவர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) என்பது அவர் வழங்கிய பெயர். இஸ்லாமிய மார்க்க விதியில் பேராசிரியராகவும், சூபியர் நெறியில் ஞானகுருவாகவும் அவர் விளங்கினார். அவ்விதிகளை அரபு அறிந்த ஆலிம்களுக்கு மாத்திரமேயன்றித் தமிழ் பேசும் வணிகர்க்கும் பெண்டிர்க்கும் உரியவாக்குதல் வேண்டுமெனக் கருதித் தமிழில் எழுதினார். ஆயினும் தமிழ் உரைநடையின் வரலாற்றில் அவர் பெயர் அருகியே காணப்படுகின்றது. அவர் வாழ்வினையும், அவர் நூல்களின் பயனையும், அந்நூல்கள் தமிழறிஞர் பலரின் நோக்கிற்கு எட்டாது நின்றமைக்குக் காரணத்தையும் முறையே காண்பாம்.

கடற்கரையும் கல்வியும்

சென்னையின் தென்பகுதியில் திருவான்மியூர், பாலவாக்கம் முதலிய நெய்தல் நிலத்தூர்களைத் தொட்டுச் செல்லும் கடற்கரை, நாகப்பட்டினம், நாகூர் முதலிய துறைகளைக் கடந்து, சேது நாட்டுக் கீழக்கரை, பாண்டி நாட்டுக் காயல்பட்டினம் ஆகியவற்றின் வழியே தெற்கு நோக்கி நீளுகின்றது. அரபு நாட்டு வணிகர் முத்தும் பிற பொருள்களும் நாடி இத்துறைகளுக்கு நெடுங்காலமாக வந்தனர். அவருட் சிலர் இங்கேயே தங்கி, இந்நாட்டு மகளிரை மணந்து, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட குடிகளாயினர். தமிழ்நாட்டு முஸ்லிம்களுள் உள்நாட்டார் பலர் ஹனபீ என்னும் விதிப்பிரிவினைச் சார்ந்திருப்பவும், கடற்கரையினர் பெரும்பாலும் ஷாபிஈ என்னும் பிரிவினைச் சார்ந்திருத்தல் இக்கடல்வழித் தொடர்பினைக் காட்டுவதாகும். ஷாபிஈ பிரிவு, கி. பி. 820-இல் எகிப்து நாட்டில் மறைந்த இமாம் ஷாபிஈயின் பெயரால் வழங்குவது. அரபிக்கடல் சூழ்ந்த துறைமுகங்களில் மிகப் பரவியது.

இத்துறைகள் வாணிகத்தால் மாத்திரம் சிறந்தன அல்ல, கல்வியாலும் சிறந்தன. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் பெயரைத் தமிழ் கற்றார் யாவரும் அறிவர். அவர் காலத்து வாழ்ந்த ஸதகத்துல்லாஹ் அப்பா அரபு மொழியிற் பெரும்புலமை உடையவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுதற்கு வேண்டிய நபி வரலாற்றுச் செய்திகளை அவர்பாற் பெற்றனர் என மரபு கூறும். பின்னர்க் காயல்பட்டினத்தில் உமர் வலீ (இறப்பு 1801) என்பார் அரபுப் பாவலராகவும் ஞானியாகவும் விளங்கினார். அவர் மாணவர் கீழக்கரைத் தைக்கா ஸாஹிபு (இறப்பு 1850). தைக்கா என்பது சூபியர் தங்கி இறைநினைவு பயிலும் மடத்தின் பெயர். இங்ஙனம் ஆசிரிய மாணவ முறையில் இடையறாது வந்த கல்வியின் வழித்தோன்றலே மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்க.

பிறப்பும் பெயரும்

இவர்தம் இயற்பெயர் செய்யிது முஹம்மது என்பது. 1816-இல் காயல்பட்டினத்திற் பிறந்து, இளமையிலேயே பெற்றோருடன் கீழக்கரையை அடைந்தார். தந்தையாரிடத்துத் திருக்குர்ஆனைப் பயின்றபின், தைக்கா ஸாஹிபின் மாணவராக அமர்ந்து, அரபு இலக்கணமும் மார்க்க விதியும் ஞான நூல்களும் கற்றனர். மாணவரின் மதிநுட்பத்தையும் ஒழுக்கத்தையும் கண்டு மகிழ்ந்த ஆசிரியர், தம் மகளையே அவர்க்கு மணஞ்செய்து கொடுத்தார். அது முதல் ஊரார் அவரை 'மாப்பிள்ளை லெப்பை' என அழைக்கலாயினர். அரபு நூல்களில் அவர் 'இமாமுல் அரூஸ்' எனக் குறிக்கப்படுவர். அரூஸ் என்னும் அரபுச் சொல்லிற்கு மணமகன் என்பது பொருள். ஆகலின் அது 'மாப்பிள்ளை' என்னும் தமிழ்ப் பெயரின் மொழிபெயர்ப்பேயாம். தமிழிற் பிறந்த பெயர் அரபிற்குச் சென்று, ஒரு ஞானநெறிக்கே 'அரூஸிய்யா' எனப் பெயராயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இப்பெயரின் பின்னே அக்கடற்கரையின் வழக்கமொன்றும் அடங்கியுள்ளது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மகளிர்க்கு மணக்காலத்தே வீடு கொடுத்தலும், மாப்பிள்ளை மனைவியின் வீட்டிற் சென்று வாழ்தலும் நெடுநாளைய வழக்கு. இஸ்லாமியத் தாயவிதியோ, மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் வகுப்பது. வழக்கிற்கும் விதிக்கும் இவ்விடத்து முரண்பாடு தோன்றாதோ எனின், தோன்றாது. தாயவிதி இறந்தார் விட்டுச் சென்ற பொருளைப் பற்றியது. ஒருவர் தம் வாழ்நாளிற் கொடுக்கும் நன்கொடை 'ஹிபா' எனப்பட்டு வேறு விதியுள் அடங்கும். ஆகவே வீட்டை நன்கொடையாக மகளுக்கு அளித்தல் விதியோடு மாறுபடாது நிற்கும். நூல்விதியும் நாட்டு வழக்கும் இங்ஙனம் ஒன்றனையொன்று அழியாது பொருந்துதற்கு, இரண்டனையும் நன்குணர்ந்த ஆலிம் ஒருவர் ஊர்தோறும் வேண்டப்பட்டார் என்பது இதனால் விளங்கும்.

தைக்கா ஸாஹிபின் மறைவிற்குப் பின்னர், மாப்பிள்ளை ஆலிம் கீழக்கரையில் அவர் பணியை மேற்கொண்டு, அரூஸிய்யா மதரஸாவிற் பாடஞ்சொல்லி வந்தனர். கடல் கடந்து இலங்கைக்குப் பன்முறை சென்று, ஆங்குள்ள தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே பள்ளிவாசல்களும் தைக்காக்களும் கல்வி நிலையங்களும் தோன்றத் துணைநின்றனர். தென்னிலங்கையில் வெலிகம என்னும் ஊரில் 1884-இல் தோன்றிய மதரஸத்துல் பாரி என்னும் அரபுக் கல்லூரி அவர் பெயரோடு இணைத்துப் போற்றப்படுவது. 1898-இல் கீழக்கரையில் அவர் மறைந்தனர். அவர்தம் அடக்கவிடமும் அவ்வூரிலேயே உள்ளது.

காலத்தின் தேவை

ஒரு நூல் தோன்றிய காரணத்தை அறிதற்கு, அது தோன்றிய காலத்தின் நிலையை அறிதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்களின் மார்க்க விதி ஆங்கில அரசின் கைப்பட்டுச் சுருங்கத் தொடங்கிற்று. இலங்கையில் 1806-ஆம் ஆண்டு, முஸ்லிம்களின் தாயம், மணம் ஆகியன பற்றிய விதித்தொகுப்பொன்றை ஆங்கில அரசு வெளியிட்டது. 1852-இல் அது தீவு முழுமைக்கும் உரியதாக்கப்பட்டது. இந்தியாவில் 1864-ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம், நீதிமன்றங்களில் இந்து, முஸ்லிம் விதிகளை எடுத்துரைத்து வந்த அலுவலர் பதவிகளை ஒழித்தது. அரசினர் காஜியரை நியமித்து வந்த முறையும் அதனோடு நின்றது. 1880-ஆம் ஆண்டின் 12ஆம் சட்டம் காஜியரை மீண்டும் நியமித்தற்கு வழிசெய்தது. எனினும் நீதி வழங்கும் அதிகாரம் யாதும் அச்சட்டம் அவர்க்கு நல்கவில்லை.

இவற்றின் பயன் யாது? மணமும் தாயமும் பற்றிய வழக்குகள் ஆங்கில நீதிபதியின்பாற் சென்றன. தொழுகை, நோன்பு, ஏழைவரி, தூய்மை, வாணிக நேர்மை முதலியன பற்றிய ஐயங்களோ எந்நீதிமன்றத்திலும் தீர்த்தற்குரியன அல்ல. அவை ஒருவன் தன் மனச்சான்றின்முன் தீர்த்துக்கொள்ளற்பாலன. அவற்றைத் தீர்க்கும் நூல்கள் அரபு மொழியில் இருந்தன. அரபு எழுத்தை ஓதக் கற்றோர் பலராயினும், அரபு மொழியைப் பொருளுணர்ந்து கற்றோர் மிகச் சிலரே. அரசின் துணை குறைந்த அந்நாளில், ஆலிம் ஒருவர் எல்லா ஊர்க்கும் செல்லுதல் இயலாது. அவர் செல்லாவிடத்தும் அவர் நூல் செல்லக்கூடும். அந்நூல் மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும். இத்தேவையே மாப்பிள்ளை ஆலிமின் விதிநூல்களுக்கு நிலைக்களம் எனல் பொருந்தும்.

விதி நூல்கள்

அவர்தம் விதிநூல்களுள் 'மகானீ' எனப்படுவதும், 'பத்ஹுத் தய்யான் பீ பிக்ஹி கைரில் அத்யான்' என்பதும் தலைசிறந்தன. பின்னதன் பெயரில் வரும் தய்யான் என்பது, நீதிபதியாய் நின்று வினைப்பயனை அளப்பவன் என இறைவனைக் குறிக்கும் சொல். பிக்ஹு என்பது மார்க்க விதியறிவு. இறைக்கொள்கை இன்னதென முதற்கண் நிறுவி, ஒழுகவேண்டிய விதிகளை ஷாபிஈ பிரிவின்படி உரைப்பது அந்நூல். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பல தலைமுறையினர்க்கு இதுவே வீட்டில் வைத்துப் படிக்கும் விதிநூலாயிற்று. 1963-இல் கொழும்பு நகரில் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

ஷாபிஈ விதியறிவு கடற்கரை வணிகர்க்கு எவ்வளவு நெருங்கியது என்பதைச் சில எடுத்துக்காட்டுக்களான் அறியலாம். தொலைவழிச் செல்லும் பயணி, நான்கு ரக்அத்து உடைய தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழுதற்கு விதி இடந்தருகின்றது. எவ்வளவு தொலைவு சென்றால் பயணியாவான், எத்துணை நாள் ஓரிடத்துத் தங்கினால் அச்சலுகை நீங்கும் என்பன, தோணியேறி இலங்கைக்குச் செல்லும் வணிகன் நாடோறும் எதிர்ப்படும் வினாக்கள். பொன்னுக்கும் வெள்ளிக்கும் நாற்பதில் ஒரு பங்கு ஏழைவரி உண்டு. முத்திற்கும் மணிக்கும் அவற்றின் பொருட்டாக வரி இல்லை. ஆயின் அவையே விற்பனைச் சரக்காயின் அவற்றின் விலைமதிப்பிற்கு வரி உண்டு. முத்து வாணிகம் செய்யும் ஊரில் இவ்வேறுபாடு அறியாதார் ஏழைக்குரிய பங்கினை மறுத்த குற்றத்திற்கு ஆளாவர். இன்னும், வெள்ளிக்கிழமைத் தொழுகை நிறைவேறுதற்கு அவ்வூரில் நிலைத்து வாழும் ஆடவர் நாற்பதின்மர் வேண்டுமென்பது ஷாபிஈ விதி. இலங்கையின் உள்ளூர்களில் நாற்பதின்மர் இல்லாத சிறு குடியிருப்புக்கள் என் செய்வது என்பது வெறும் ஏட்டு வினா அன்று. பள்ளிவாசல் எங்கே எடுப்பது, யார் யாரோடு கூடுவது என்பதனைத் தீர்மானிக்கும் வினாவாகும்.

விதி என்பது உயிரற்ற கட்டளைத் தொகுதி என எண்ணுவார்க்கு இவை விடையாம். விதியின் நுட்பம் அறியுந்தோறும் ஏழையின் உரிமையும் வழிப்போக்கனின் இளைப்பும் அதனுள்ளே கருதப்பட்டமை புலனாகும்.

எழுத்து

மாப்பிள்ளை ஆலிம் எழுதியது தமிழே. ஆயின் அவர் எழுதிய எழுத்துத் தமிழெழுத்தன்று. அரபெழுத்துக்கொண்டு தமிழை எழுதும் முறை அரபுத்தமிழ் எனவும், அர்வீ எனவும் வழங்கும். ப, ச, ட, ண, ள, ழ முதலிய தமிழ் ஒலிகளும் எகர ஒகரங்களும் அரபு நெடுங்கணக்கில் இல்லாதவை. ஆதலின் உள்ள எழுத்துக்களின்மேற் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துக்கள் அமைக்கப்பட்டன.

தமிழர்க்குத் தமிழில் எழுதப் புகுந்தவர் தமிழெழுத்தையே கொள்ளலாகாதோ எனின், அற்றன்று. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. தமிழெழுத்தில் ககரம் ஒன்றே. அரபிலோ ககரத்தை ஒத்த ஒலிகள் வெவ்வேறு எழுத்துக்களாக உள்ளன. 'கல்பு' எனத் தமிழில் எழுதினால், அடிநாவின் ஒலிக்கும் எழுத்தால் வந்ததாயின் உள்ளம் எனவும், முன்னே ஒலிக்கும் எழுத்தால் வந்ததாயின் நாய் எனவும் பொருள்படும். இறைவன்முன் 'உள்ளம்' எனச் சொல்லப் புகுந்தவன் 'நாய்' எனச் சொல்லிவிடின் எங்ஙனமாம்? மந்திரம்போல ஓதப்படும் சொற்களை உடைய விதிநூலுக்கு ஒலித்திரிபு பெருங்கேடு. மேலும், கடற்கரைக் குழந்தைகள், பெண்மக்களும் உட்பட, குர்ஆன் ஓதுதற்பொருட்டு அரபெழுத்தை இளமையிலேயே கற்றனர்; அவருட் பலர்க்குத் தமிழெழுத்துக் கற்கும் வாய்ப்பு அந்நாளில் இல்லை. அறிந்த எழுத்தில் அறிந்த மொழியை எழுதிக் கொடுத்தமையால், வீட்டினுள் இருந்த பெண்டிரும் ஒருவர் துணையின்றித் தாமே படித்து உணரலாயினர்.

ஒரு மொழி பிறிதோர் எழுத்தில் எழுதப்படுதல் புதுமையன்று. ஆழ்வார் அருளிய திவ்யப் பிரபந்தம் தெலுங்கெழுத்தில் அச்சிடப்பட்டு ஓதப்படுதலையும், வடமொழி தமிழ்நாட்டிற் கிரந்த எழுத்தில் எழுதப்பட்டு வந்தமையையும் அறிந்தார் இதனை வியவார். அரபுத்தமிழ் நூலினைப் படிக்கக் கேட்பின், அதன் தொடரமைதி தமிழே என்பது செவிக்குப் புலனாம். தொழுகை, நோன்பு, ஓதுதல், பெருநாள், பள்ளி என்றாற் போல்வன, தமிழ் முஸ்லிம்கள் தம் சமயத்தின் தலையாய கடமைகளுக்கும் இடங்கட்கும் வழங்கும் தனித்தமிழ்ச் சொற்கள். இவற்றுட் பள்ளி என்னும் சொல் முன்னர்ச் சமண பௌத்தர் உறைவிடங்களைக் குறித்து வழங்கியது. ஒரு சமயத்தார் நெடுங்காலம் ஒரு மொழியில் வாழ்ந்தாலன்றி இச்சொற்கள் இங்ஙனம் நிலைபெறா.

அன்பு நூல்கள்

விதியின் நுட்பங்களைக் கூறியவர் அன்பின் நிலையினையும் பாடினார். ஞானநெறியிற் செல்வார்க்குரிய 'கனீமத்துஸ் ஸாலிகீன்' என்னும் நூலும், நபிகளாரைப் போற்றும் 'மின்ஹத்து ஸரந்தீபு' என்னும் அரபுப் பாடலும் அவருடையன. ஸரந்தீபு என்பது இலங்கைக்கு அரபர் இட்ட பெயர். ஆகவே அப்பாடற்பெயர் 'இலங்கைக் கொடை' என நின்றது. பலர் கூடியிருந்து இறைவன் திருப்பெயர்களை ஓதுதற்கு அவர் தொகுத்த 'ராத்திபு ஜலாலிய்யா' தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஓதப்பட்டு வருவது. மகளிர் கூட்டங்களில் ஓதும் 'தலைப்பாத்திஹா' என்னும் அரபுத்தமிழ்ப் பாடலும் அவர் பெயராலேயே போற்றப்படுகின்றது.

சூபியர் தம் நெறியினை ஷரீஅத்து, தரீக்கத்து, ஹகீக்கத்து, மஃரிபத்து என நான்காக வகுப்பர். முறையே விதி, வழி, உண்மை, மெய்யறிவு என இவற்றைப் பொருள்படுத்தலாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கினையும் பயின்றோர்க்கு இப்பகுப்பு நினைவினைத் தூண்டும். எனினும் இரண்டும் ஒன்றெனத் துணிதல் பிழை. அவற்றின் இறைக்கொள்கையும் உயிர்க்கொள்கையும் வெவ்வேறு. ஈண்டுக் கொள்ளத்தக்கது யாதெனின், சூபியர் வகுத்த நான்கனுள்ளும் விதியே முதற்படி என்பதும், மேற்படி ஏறினார் கீழ்ப்படியை இடித்துவிடலாகாது என்பதும் மாப்பிள்ளை ஆலிமின் வாழ்வு காட்டிய கொள்கை என்பதாம்.

இக்கொள்கை அவர்க்கு வழிவழி வந்தது. பாரசீகத்துக் கஸ்ஸாலீ (1058–1111) ஷாபிஈ விதிநூற் பேராசிரியராய்ப் பக்தாது நகரிற் பெரும்பதவி வகித்து, 1095-இல் அதனைத் துறந்து சென்று, பின்னர் விதியின் உள்ளுயிர் அன்பே என விளக்கும் பெருநூல் இயற்றினர். அரூஸிய்யா நெறிக்கு மூலமாகிய காதிரிய்யா நெறியின் தலைவர் அப்துல் காதிர் ஜீலானீயும் (இறப்பு 1166) விதிநூல் வல்லவரே. சென்னையிலும் இவ்வகைச் சான்றோர் ஒருவர் இருந்தனர். லக்னோ நகரத்துப் பிறந்து, ஆர்க்காட்டு நவாபு வாலாஜாவின் வேண்டுகோளால் சென்னைக்கு வந்து, 1810-இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமாகிய அப்துல் அலீ, 'பஹ்ருல் உலூம்', அதாவது கல்விக்கடல், எனப் பெயர் பெற்றவர். ஹனபீ விதியின் அடிப்படைகளை ஆராயும் நூலொன்றிற்கு அரபில் உரையும், ரூமீயின் மஸ்னவீக்குப் பாரசீகத்தில் உரையும் அவர் எழுதினர். இருவரும் விதியும் ஞானமும் ஒருங்கு வல்லார். ஆயின் பஹ்ருல் உலூம் கற்றார்க்காகக் கற்றோர் மொழிகளில் எழுதினர். மாப்பிள்ளை ஆலிம் அரபில் வல்லராயிருந்தும் கல்லாதாரையும் கருதித் தமிழில் எழுதினர். இதுவே அவர்தம் தனிச்சிறப்பு.

யூதரிடத்து ஓர் ஒப்புமை

இஸ்லாத்தோடு மொழியுறவும் விதிமுறை ஒப்புமையும் உடைய யூத சமயத்திலும் இவ்வரலாறு நிகழ்ந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டில், கிழக்கு ஐரோப்பாவில் பால் ஷெம் தோவ் (இறப்பு 1760) என்பாரைத் தலைவராகக் கொண்டு 'ஹசிதியர்' என்னும் அன்புநெறியினர் தோன்றினர். ஹசித் என்னும் எபிரேயச் சொல் பத்தியுடையான் எனப் பொருள்படும். உவகையும் உருக்கமும் கொண்டு தொழும் இவர் விதியினைக் கைநெகிழ விடுவர் என அஞ்சி, வில்னா நகரத்து யூதப் பெரியோர் 1772-இல் அவரை விலக்கிவைத்தனர்.

அவ்வச்சத்திற்குத் தம் வாழ்வாலும் நூலாலும் விடையிறுத்தவர் லியாதி ஊரினர் ஷ்னேயுர் சல்மான் (1745–1812) என்னும் ரப்பி. அவர் தம் ஆசிரியரின் பணிப்பினால் யூத விதிகளைப் புதுவதாகத் தொகுத்தெழுதினர்; 1796-இல் உள்ளத்தின் போராட்டத்தையும் இறையன்பையும் விளக்கும் 'தன்யா' என்னும் நூலினை வெளியிட்டனர். 1798-இல் ருஷ்ய அரசினர் அவரைச் சிறைப்படுத்தினர். துருக்கியர் ஆட்சியிலிருந்த புனித நாட்டு ஏழைகட்குப் பொருள் அனுப்பியதும் குற்றமாகச் சாட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே விடுதலை எய்தினர். 1812-இல் நெப்போலியனின் படையெடுப்பிற்கு அகன்று செல்லும் வழியில் உயிர் நீத்தார். அவர் விதிநூலின் பெரும்பகுதி அவர் மறைந்தபின்னரே அச்சேறிற்று. அவர் மரபினர் லுபாவிச் என்னும் ஊரிலமர்ந்து வளர்த்த நெறி 1940-இல் நியூயார்க் நகரைச் சார்ந்து, இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது.

ஒப்புமை நெறியளவில் மாத்திரம் நில்லாது மொழியளவிலும் செல்வது வியப்பு. அரபில் இறைவனைக் குறிக்கும் தய்யான் என்னும் சொல்லின் வேரினின்றே, யூத விதிமன்றத்து நீதிபதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் பிறந்தது. ஹசிதியர் தம் மாணாக்கர்க்கு உரையாற்றிய யித்திஷ் மொழி, ஜெர்மானிய இனத்தது, எழுத்தோ எபிரேயம். யூதப் பேரறிஞர் மைமொனிடிஸ் (1138–1204) தம் தத்துவ நூலினை அரபு மொழியில் எபிரேய எழுத்தால் எழுதினர். நாட்டு மொழி ஒன்று, வேதத்தின் எழுத்து மற்றொன்று என நின்ற மக்கள், இரண்டனையும் கைவிடாது இணைத்துக்கொண்ட முறை இரு சமயத்தார்க்கும் பொதுவாயிற்று.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. யித்திஷ் நூல்களும் அரபு மொழியில் எபிரேய எழுத்தால் அமைந்த நூல்களும் ஐரோப்பிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆராயப்பட்டு, அவ்வம்மொழி வரலாற்றில் இடம் பெற்றன. அரபுத்தமிழ்க்கு அத்தகைய இடம் தமிழ் வரலாற்றில் இன்னும் போதிய அளவு வாய்க்கவில்லை.

வழிவந்தோரும் எஞ்சிய கடமையும்

மாப்பிள்ளை ஆலிமின் மறைவோடு அவர் பணி நின்றிலது. அவர் மைந்தர் கல்வத்து நாயகம் அரூஸிய்யா நெறியைத் தொடர்ந்து நடத்தினர். கல்வத்து என்பது தனித்திருந்து தவம்புரிதல். அவர் மாணவியரான கீழக்கரைச் செய்யிது ஆசியா உம்மா 'மெய்ஞ்ஞானத் தீப இரத்தினம்' என்னும் ஞானப் பாடல்களை அரபுத்தமிழில் இயற்றினர். வீட்டகத்துப் பெண்டிரும் படித்தல் வேண்டுமெனத் தொடங்கிய எழுத்து, ஒரு தலைமுறைக்குள் பெண்பாற் புலவர் ஒருவர் ஞானநூல் பாடும் கருவியாயிற்று. மாப்பிள்ளை ஆலிமின் உழைப்பிற்கு இதனினும் சிறந்த பயன் வேறு கூறல் வேண்டா.

அவர் வாழ்ந்த காலத்திலேயே தமிழெழுத்தின் பக்கமும் சிலர் சென்றனர். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் (1833–1908) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராய்ச் செந்தமிழ்ப் புலவர் அவையில் இடம்பெற்றார். இலங்கையில் வழக்கறிஞராகவும் ஞானநூலாசிரியராகவும் விளங்கிய சித்தி லெப்பை 1882-இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் இதழைத் தொடங்கி, 1885-இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் கதைநூலையும் தமிழெழுத்தில் வெளியிட்டனர். இவரும் மாப்பிள்ளை ஆலிமும் மறைந்தது 1898 ஆகிய ஓராண்டிலேயே. பின்னர்ப் பள்ளிக்கூடக் கல்வியும் தமிழ் அச்சுப்பணியும் பரவப் பரவ, அரபுத்தமிழ் படிப்பார் தொகை 20ஆம் நூற்றாண்டிற் குறைந்துகொண்டே வந்தது. தாயும் பாட்டியும் படித்த நூலைப் பேரர் எடுத்துப் பார்த்து, ஓசை அரபோ தமிழோ என அறியமாட்டாது வைத்துவிடும் நிலை உண்டாயிற்று.

இங்ஙனம் எந்த எழுத்து ஒரு காலத்திற் கதவாய் நின்று கல்லாதார்க்கு வழி திறந்ததோ, அதுவே பிற்காலத்திற் சுவராய் நின்று கற்றார்க்கும் வழி மறித்தது. அரபு கற்றார் அந்நூல்களைத் தமிழ் என விடுத்தனர். தமிழ் கற்றார் அரபு என விடுத்தனர். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையைப் பேசுவோர் ஆறுமுக நாவலரையும் (1822–1879) வேதநாயகம் பிள்ளையையும் கூறுவது தகும். ஆயின் அதே காலத்தில், நுண்ணிய விதிகளை ஐயத்திற்கிடமின்றி உரைத்தற்கு ஏற்ற உரைநடையொன்று கீழக்கரையில் எழுதப்பட்டு, கடல் கடந்தும் படிக்கப்பட்டது என்பதைக் கூறாதொழியின் அவ்வரலாறு நிரம்பாது. விதியினை உரைக்கும் நடைக்குச் சொல்வரையறை உயிர். 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்தல் வேண்டும்' என்பதற்கும், 'நன்று' என்பதற்கும் 'கடமை' என்பதற்கும் உள்ள வேற்றுமை சிறிது பிறழினும் விதி பிறழும். அத்தகைய வரையறையைத் தமிழ் தாங்கிற்று என்பதற்கு இந்நூல்கள் சான்று.

ஆலிமின் மரபில் வந்த தைக்கா ஷுஐபு ஆலிம், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தோன்றிய அரபு, அர்வீ, பாரசீக நூல்களையும் ஆசிரியர்களையும் திரட்டி, 1993-இல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டுள்ளார். எந்நூல் எவரால் எழுதப்பட்டது என்பதை அறிதற்கு அது சிறந்த வாயில். இனி வேண்டுவது, அந்நூல்களை எழுத்துப் பிறழாது தமிழெழுத்தில் பெயர்த்தெழுதி, அரபுச் சொற்கட்கு அகராதியும் சேர்த்து, தமிழ் நூல்களாகவே பதிப்பித்தல். அதற்கு அரபெழுத்தும் செந்தமிழும் ஒருங்கு கற்றவர் வேண்டும். இறைவழிபாட்டிற்காக ஓதக் கற்ற முதியோர் பலர் கடற்கரை ஊர்களில் இன்றும் உளர். அவர் படித்துக் காட்ட, தமிழறிந்தார் எழுதிக்கொள்ளல் இயலும். காலம் நீட்டிப்பின் அவ்வுதவியும் கிட்டாது போம். ஏடும் அச்சுப்படியும் உப்புக்காற்றிற்கும் செல்லிற்கும் இரையாதல், ஓலைச்சுவடி தேடி அலைந்த தமிழர்க்குப் பிறர் சொல்ல வேண்டியதன்று.

மார்க்க விதியை மக்கள் மொழியிற் சொல்லுதல் அன்பின் செயலே. ஒருவன் தான் பெற்ற கல்வியைத் தன்னோடு ஒத்தார்க்கு மாத்திரம் கொடுத்தல் எளிது. தன் வீட்டு அடுக்களையில் இருப்பார்க்கும், தோணியில் அலைவார்க்கும் விளங்குமாறு கொடுத்தற்கு அவர்பால் உருக்கம் வேண்டும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமிடத்து விதியும் அன்பும் வேறு நில்லாது ஒன்றாய் நின்றமைக்குச் சான்று, அவர் இருவகை நூல்களையும் இயற்றினார் என்பது மாத்திரம் அன்று. விதிநூலையே அன்பினால் தமிழில் எழுதினார் என்பதுமாம்.